திட்டுகிற லிங்கர் நல்லவர்

இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு. ஆபீஸில் ஆணி அதிகம்.

தலைப்பைப் பார்த்துவிட்டு, "புனேயில் நல்ல இட்லி எங்கே கிடைக்கும்னு எழுதிக்கிட்டு இருந்த ஆளுக்கு என்ன ஆச்சு?" என்று சிலர் கேட்கலாம். இந்தத் தடவை பொட்டி தட்டுகிற விஷயம்தான். ஆனால் பொட்டி தட்டாதவர்களுக்கும் புரிகிற மாதிரி எழுதப் பார்க்கிறேன். இதைப் படிக்கிற பல வீடுகளில் அப்பாவோ அம்மாவோ பிள்ளையோ இதே தொழிலில் இருக்கிறார்கள். ராத்திரி பன்னிரண்டு மணிக்குத் திரையை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற அந்த ஜீவன் அப்படி என்னதான் பார்க்கிறது என்று மற்றவர்களுக்கும் தெரிய வேண்டாமா?

சொல்ல வந்தது ஒரே விஷயம். லிங்கர் என்று ஒருத்தர் இருக்கிறார். அவர் திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். அவர் வாயை அடைக்க வழி தேடாதீர்கள். அப்படித் தேடினதால் 2024 பொங்கல் அன்று நானும் ஒரு தம்பியும் சாக்கண் தொழிற்பேட்டையில் ஏணி மேல் நின்றோம். அந்தக் கதையைச் சொல்லத்தான் கொஞ்சம் கொசுவத்தி சுத்தப் போகிறேன்.

டப்பாவும் அளவு பிளவுஸும்

எங்கள் கம்பெனி (பெயர் வேண்டாம், சோறு போடுகிற இடம்) தொழிற்சாலைகளுக்கு ஒரு சின்ன டப்பா செய்து கொடுக்கிறது. மின்சார மீட்டர்களிலிருந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அளவு எடுத்து, இணையம் வழியாக சர்வருக்கு அனுப்புவது அதன் வேலை. உள்ளே ஆர்ம் வகை ப்ராசஸர், அதன் மேல் லினக்ஸ். அளவை எடுத்து அனுப்புகிற ஸ்கிரிப்ட் பைத்தானில் எழுதியது.

ஸ்கிரிப்ட் சும்மா ஓடாது. அதை வரிவரியாகப் படித்து நடத்திக்கொடுக்க டப்பாவுக்குள் பைத்தான் இன்டர்ப்ரெட்டர் இருக்க வேண்டும். அந்த இன்டர்ப்ரெட்டரே சி மொழியில் எழுதின ஒரு பெரிய புரோகிராம். அதை ஆர்முக்கு ஏற்ற மாதிரி கம்பைல் செய்துதான் உள்ளே வைக்க முடியும். டப்பாவிலேயே உட்கார்ந்து கம்பைல் செய்யலாமே என்றால், அதில் கம்பைலரும் கிடையாது, அதற்கான மெமரியும் கிடையாது. அதனால் என் மேஜையில் இருக்கிற இன்டெல் கம்ப்யூட்டரில் கம்பைல் செய்து, விளைவை டப்பாவில் கொண்டுபோய் வைக்கிறோம். இதற்குத்தான் கிராஸ் கம்பைல் என்று பெயர்.

தங்கமணிக்கு இதை விளக்கினபோது அவர் ஒரே நிமிஷத்தில் பிடித்துக்கொண்டார். "மன்னார்குடியில இருக்கிற எங்க அண்ணிக்கு இங்க இருக்கிற டெய்லர்கிட்ட பிளவுஸ் தைக்கக் குடுக்கிற மாதிரி. அண்ணியோட அளவு பிளவுஸ் வேணும். அது இல்லாம எதிர்ல நிக்கிற என்னை அளந்து தைச்சா அங்க போய்ச் சேராது."

சத்தியமான வார்த்தை. கிராஸ் கம்பைலில் அந்த அளவு பிளவுஸுக்கு சிஸ்ரூட் என்று பெயர். டப்பாவில் இருக்கிற லைப்ரரிகள், ஹெடர் ஃபைல்கள் எல்லாவற்றின் நகலையும் என் கம்ப்யூட்டரில் ஒரு தனி ஃபோல்டரில் வைத்துக்கொள்வது. டெய்லர் அதை மட்டும்தான் பார்க்க வேண்டும். ஆனால் எதிரே நிற்கிற ஆள் இன்டெல் கம்ப்யூட்டர். அசந்தால் டெய்லர் டேப்பை அதன் மேல் வைத்துவிடுவார். கிராஸ் கம்பைலில் வருகிற லிங்கர் தொல்லைகளில் பெரும்பங்கு இதுதான்.

லிங்கர் என்ன செய்கிறார்?

பெரிய புரோகிராம் என்றால் நூற்றுக்கணக்கான சி ஃபைல்கள். கம்பைலர் ஒவ்வொன்றையும் தனித்தனியாகத்தான் பார்க்கும். ஒரு ஃபைலில் "இந்த வேலையை இன்னார் செய்வார்" என்று பெயர் மட்டும் எழுதியிருந்தால் போதும், கம்பைலர் நம்பிக்கொண்டு அடுத்த ஃபைலுக்குப் போய்விடும்.

கல்யாண வீட்டில் இப்படித்தான். சமையலுக்கு ஆள் சொல்லியாச்சு, நாதஸ்வரம் சொல்லியாச்சு, மாலை சொல்லியாச்சு என்று ஆளாளுக்குச் சொல்லிவிட்டுப் போவார்கள். முதல் நாள் சாயந்தரம் ஒரு மாமா லிஸ்டோடு வருவார். "நாதஸ்வரம் எங்கேய்யா? யாரு அட்வான்ஸ் குடுத்தது? ஆள் வந்தாச்சா?" என்று ஒவ்வொரு பெயராகக் கேட்பார். ஆள் இல்லை என்றால் மண்டபமே அதிர்கிற மாதிரி கத்துவார். அந்த மாமாதான் லிங்கர். அவர் கத்துகிற கத்தல்தான் "அன்டிஃபைன்டு ரெஃபரன்ஸ்". பெயர் சொல்லியிருக்கிறாய், ஆளைக் காணோம் என்று அர்த்தம்.

மாமாவிடம் இரண்டு குணங்கள் உண்டு. இந்தக் கதைக்கு இரண்டும் முக்கியம்.

முதல் குணம்: ஸ்டாடிக் லைப்ரரிகள் என்கிற வீடுகளுக்கு நாம் கொடுத்த வரிசையில், இடமிருந்து வலமாக, ஒரே தடவைதான் போவார். ஒரு வீட்டு வாசலில் நிற்கும்போது கையில் இருக்கிற லிஸ்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்களை மட்டும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். அடுத்த வீட்டில் ஏறுகிறவர் "எனக்குத் துணைக்கு முந்தின வீட்டு ஆள் ஒருத்தர் வேணும்" என்றால் திரும்பிப் போக மாட்டார். கத்துவார்.

இரண்டாவது குணம்: ஷேர்டு லைப்ரரி செய்யும்போது மட்டும் மாமா ரொம்பத் தாராளம். "இவரு நேரா முகூர்த்தத்துக்கு வந்துடுவாரு மாமா" என்று சொன்னால் "சரி, வரட்டும்" என்று விட்டுவிடுவார். ஆள் வராவிட்டால் முகூர்த்த நேரத்தில்தான், அதாவது டப்பாவில் புரோகிராம் ஓடும்போதுதான், தெரியும்.

நடந்தது

தம்பி திருநெல்வேலிப் பக்கம். கல்லூரி முடித்து நேராக புனே வந்தவன். ஹிஞ்சேவாடியில் நாலு பசங்களோடு அறை. கெட்டிக்காரன், உழைப்பாளி. பைத்தான் 3.11ஐ டப்பாவுக்குக் கிராஸ் கம்பைல் செய்கிற வேலையை அவனிடம் கொடுத்திருந்தேன்.

டப்பா சர்வரோடு பேசுவதற்குப் பாதுகாப்பான இணைப்பு வேண்டும். அதற்கு பைத்தானின் எஸ்எஸ்எல் மாட்யூல், அதற்கு அடியில் ஓப்பன் எஸ்எஸ்எல். ஓப்பன் எஸ்எஸ்எல்லில் இரண்டு லைப்ரரிகள்: லிப்எஸ்எஸ்எல், லிப்கிரிப்டோ. முதலாவது இரண்டாவதை நம்பி இருக்கிறது. பைத்தான் சோர்ஸில் மாட்யூல்ஸ் ஃபோல்டருக்குள் செட்டப் என்று ஒரு ஃபைல் உண்டு. எந்த மாட்யூலை எந்த லைப்ரரியோடு சேர்க்க வேண்டும் என்று அதில் நம் கையாலேயே எழுதலாம். தம்பி அதில் ஒரு வரி எழுதினான். கிரிப்டோவை முன்னாலும் எஸ்எஸ்எல்லைப் பின்னாலும் எழுதிவிட்டான்.

மாமா முதலில் கிரிப்டோ வீட்டுக்குப் போனார். அப்போது லிஸ்டில் இருந்த சில பேரை மட்டும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். அடுத்து எஸ்எஸ்எல் வீடு. அங்கே ஏறின ஒவ்வொருவரும் "கிரிப்டோ வீட்டில இன்னார் வேணும், அன்னார் வேணும்" என்றார்கள். மாமா கத்தினார். திரை முழுக்க "அன்டிஃபைன்டு ரெஃபரன்ஸ்" ஓடியது.

தம்பி ரெண்டு நாள் மல்லுக்கட்டினான். அப்புறம் இணையத்தில் யாரோ சொன்ன யோசனை கிடைத்தது: அந்த மாட்யூலை ஸ்டாடிக் பகுதியிலிருந்து எடுத்து ஷேர்டு பகுதியில் போடு. போட்டான். எரர் ஒன்றுகூட இல்லை. என்னிடம் வந்து, "அண்ணே, எரர் எல்லாம் போயிட்டுண்ணே" என்றான். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? "போயிட்டா? எங்க போச்சு? ஏன் போச்சு?" என்று கேட்டிருக்க வேண்டும். எனக்கு அன்றைக்கு இரண்டு மீட்டிங். "சூப்பர்டா தம்பி" என்று சொல்லி, செக்லிஸ்டில் டிக் போட்டுக் கையெழுத்தும் போட்டேன்.

எரர் எங்கேயும் போகவில்லை. டப்பாவுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

சாதாரணமாக பைத்தானை நம் கம்ப்யூட்டருக்கே கம்பைல் செய்தால், கடைசியில் அது ஒவ்வொரு மாட்யூலையும் ஏற்றிப் பார்த்து, ஏறாததைச் சொல்லிவிடும். கிராஸ் கம்பைலில் அந்தச் சோதனையை விட்டுவிடும். ஆர்முக்குச் செய்த மாட்யூல் இன்டெல்லில் ஏறாது, அதன் மேல் தப்பில்லை. ஆக மாமாவும் கத்தவில்லை, கடைசிச் சோதனையும் இல்லை.

எங்கள் ஸ்கிரிப்டிலும் ஒரு வினை இருந்தது. எஸ்எஸ்எல் ஏறாவிட்டால் சர்வருக்கு அனுப்பாமல் டப்பாவிலேயே எழுதிவைத்துக்கொள் என்று எப்போதோ ஒருத்தர் நல்லெண்ணத்தில் எழுதிவைத்திருந்தார். ஆபீஸ் மேஜையில் சோதித்தபோது அளவுகள் வந்தன, பச்சை விளக்கு எரிந்தது. நாற்பது டப்பாக்கள் சாக்கணில் ஒரு தொழிற்சாலைக்குப் போயின. சர்வரில் எதுவும் வரவில்லை என்றபோது, அவர்கள் பக்கத்து நெட்வொர்க் இன்னும் தயாராகவில்லை போல என்று நாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டோம். ஒன்பதாம் நாள் டப்பாக்களில் இடம் நிரம்பி, ஒவ்வொன்றாக நின்றன.

தூரத்திலிருந்தே சரிசெய்துவிடலாமே? அதற்கும் அந்த எஸ்எஸ்எல்தான் வேண்டும்! நாற்பது டப்பாவுக்கும் நேரில் போய் பென்டிரைவ் சொருகுவதைத் தவிர வேறு வழியில்லை.

மீட்டிங்கில் முதல் கேள்வி, "யார் செய்தது?" தம்பி தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். அவனுக்கு வேலை நிரந்தரமாக இன்னும் இரண்டு மாதம் இருந்தது. பொங்கலுக்கு ஊருக்குப் போக ரயில் டிக்கெட்டும் எடுத்துவைத்திருந்தான். செக்லிஸ்டில் இருப்பது என் கையெழுத்து என்று நான் சொன்னேன். பெருந்தன்மை எல்லாம் ஒன்றுமில்லை, உண்மையே அதுதான். தப்பான வரிசையில் எழுதுவது எல்லோருக்கும் நடக்கும். நானும் எழுதியிருக்கிறேன். எரர் ஏன் போச்சு என்று கேட்க வேண்டிய ஆள் கேட்காததுதான் பெரிய தப்பு.

ஃபைலில் செய்த திருத்தம் என்ன தெரியுமா? இரண்டு சொற்களை இடம் மாற்றினோம். எஸ்எஸ்எல் முன்னால், கிரிப்டோ பின்னால். அவ்வளவுதான்.

ஜனவரி 14, 15. போகியும் பொங்கலும் சாக்கணில். தம்பி டிக்கெட்டை ரத்து செய்தான். அவன் அம்மா போனில் "எப்பய்யா வருவ?" என்று கேட்டது எனக்கும் காதில் விழுந்தது. தங்கமணி எவர்சில்வர் தூக்கில் சர்க்கரைப் பொங்கல் கொடுத்து அனுப்பியிருந்தார். எலெக்ட்ரிக் பேனல் அறைக்கு வெளியே தரையில் உட்கார்ந்து இருவரும் சாப்பிட்டோம். அங்கே அன்றைக்கு சங்கராந்தி. வாசல் காவல்காரர் ஆளுக்கொரு எள்ளுருண்டை கொடுத்து, இதைச் சாப்பிட்டு இனிமையாகப் பேசுங்கள் என்று மராத்தியில் சொன்னார். அன்றைக்கு அப்படிச் சொல்வது அவர்கள் வழக்கம்.

இனி என் கருத்து

லிங்கர் எரரைத் தீர்ப்பது வேறு, அதைக் காணாமல் செய்வது வேறு. எங்கள் தொழிலில் இந்த இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்துவிட்டார்கள்: ஃபிக்ஸ். அங்கேதான் கோளாறு.

காணாமல் செய்ய வழிகள் நிறைய. ஸ்டாடிக்கை ஷேர்டாக மாற்றுவது ஒன்று. கிடைக்காத பெயர்களைக் கண்டுகொள்ளாதே என்று லிங்கரிடமே சொல்ல ஒரு ஆப்ஷன் இருக்கிறது, அது இன்னொன்று. அதைப் போட்டால் மாமா வாயை மூடிக்கொள்வார். புரோகிராம் ஓடும்போது இல்லாத ஆளைக் கூப்பிடும், அந்த இடத்திலேயே விழும். மூன்றாவது வழி, தகராறு செய்கிற மாட்யூலையே லிஸ்டிலிருந்து தூக்கிவிடுவது. பில்ட் பச்சையாக முடியும், பாஸும் சந்தோஷப்படுவார்.

தீர்ப்பதற்கு வழி ஒன்றுதான். எரரைப் படிக்க வேண்டும். அதிலும் முதல் எரரை. திரையின் கடைசியில் "எல்டி ரிட்டர்ன்டு 1 எக்ஸிட் ஸ்டேட்டஸ்" என்று நிற்குமே, அதைத் தேடி ஒரு புண்ணியமும் இல்லை. மாமா கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்பதுதான் அதன் அர்த்தம். ஏன் கோபித்தார் என்பது மேலே இருக்கிறது.

புதிதாக வருகிற பசங்களுக்கு நான் இப்போது மூன்று கேள்விகள் சொல்லிக்கொடுக்கிறேன்.

ஒன்று, யார் கேட்கிறார், யாரைக் கேட்கிறார்? எரரிலேயே இரண்டு பெயரும் இருக்கும். என்எம் என்கிற கருவியை லைப்ரரி மேல் ஓட்டினால், யூ என்ற எழுத்து போட்ட பெயர்கள் "எனக்கு வேணும்" என்பவை, டி போட்டவை "என்னிடம் இருக்கு" என்பவை. கேட்கிற ஆள் எஸ்எஸ்எல், கொடுக்க வேண்டிய ஆள் கிரிப்டோ என்று தெரிந்தவுடனே வரிசை ஞாபகத்துக்கு வரும்: கேட்கிறவர் முன்னால், கொடுக்கிறவர் பின்னால். இரண்டு லைப்ரரிகள் ஒன்றையொன்று கேட்டால், அவற்றை ஒரு குழுவாகக் கட்டி, தீருகிற வரைக்கும் சுற்றிச் சுற்றித் தேடு என்று லிங்கரிடம் சொல்லலாம். அது வாயடைப்பு இல்லை, நியாயமான ஏற்பாடு.

இரண்டு, ஆள் இருக்கிறார், ஆனால் நம் வீட்டு ஆளா? "ஸ்கிப்பிங் இன்கம்பாட்டிபிள்" என்று சொல்லி, அடுத்த வரியில் "கேனாட் ஃபைண்ட்" என்று லிங்கர் சொன்னால், டேப்பை எதிரே நிற்கிற ஆள் மேல் வைத்துவிட்டீர்கள் என்று அர்த்தம். இன்டெல் லைப்ரரியைப் பார்த்துவிட்டு, இது ஆர்ம் இல்லையே என்று தள்ளிவிட்டுப் போகிறார். யூஎஸ்ஆர் லிப் ஃபோல்டரை எங்கேயோ சேர்த்திருப்பீர்கள். அல்லது பேக்கேஜ் கான்ஃபிக் என்கிற கருவி உங்கள் கம்ப்யூட்டரின் முகவரியையே கொடுத்திருக்கும். அதற்கும் சிஸ்ரூட்டைக் காட்டிவிட வேண்டும். சந்தேகம் இருந்தால் ஃபைல் என்கிற கருவியிடம் கேளுங்கள், இது இன்டெல்லா ஆர்மா என்று ஒரே வரியில் சொல்லிவிடும்.

மூன்று, நம் வீட்டு ஆள்தான், ஆனால் பழக்கவழக்கம் ஒத்துப்போகிறதா? ஆர்மில் இது பெரிய தொல்லை. தசம எண்களை ஒரு ஃபங்ஷனிலிருந்து இன்னொன்றுக்குக் கொடுப்பதில் இரண்டு வழக்கங்கள் உண்டு. ஹார்ட் ஃப்ளோட்டில் அதற்கென்று இருக்கிற தனி ரிஜிஸ்டரில் வைத்துக் கொடுப்பார்கள். சாஃப்ட் ஃப்ளோட்டில் சாதாரண ரிஜிஸ்டரில் கொடுப்பார்கள். ஒருத்தர் இந்தக் கையில் கொடுக்க, மற்றவர் அந்தக் கையை நீட்டினால் எண் கீழே விழும். "விஎஃப்பி ரிஜிஸ்டர் ஆர்கியுமென்ட்ஸ்" என்று லிங்கர் கத்துவது இதைப் பார்த்துத்தான். அவர் கத்தாமல் விட்டிருந்தால் மீட்டரில் 230.5 வோல்ட் இருக்கும், டப்பா கண்டபடி ஒரு எண்ணைக் காட்டும். எது மேல் என்று நீங்களே சொல்லுங்கள்.

இதோடு ஜிலிப்சி பதிப்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். புதிய ஜிலிப்சியோடு சேர்த்துச் செய்ததைப் பழைய ஜிலிப்சி இருக்கிற டப்பாவில் வைத்தால் "ஜிலிப்சி 2.34 நாட் ஃபவுண்ட்" என்று அங்கே போய் மக்கர் செய்யும். 2021 ஆகஸ்டில் வந்த அந்த 2.34இல்தான் லிப்டிஎல், லிப்பித்ரெட் போன்றவற்றை லிப்சியோடு ஒன்றாகச் சேர்த்தார்கள். பழையதில் செய்து புதியதில் ஓட்டுவது பெரும்பாலும் நடக்கும். தலைகீழாக நடக்காது. இங்கேயும் அளவு பிளவுஸ்தான் பதில்.

கடைசியாக, மாமா கத்தாத இடத்தில் நாமே கத்த வேண்டும். க்யூஎமு என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. ஆர்முக்குச் செய்த புரோகிராமை இன்டெல் கம்ப்யூட்டரிலேயே ஓட்டிக்காட்டும். பில்ட் முடிந்தவுடன் அதன் வழியாகப் புது பைத்தானை எழுப்பி, நமக்குத் தேவையான மாட்யூல்கள் ஒவ்வொன்றையும் இம்போர்ட் செய்யச் சொல்கிறோம். ஒன்று ஏறாவிட்டாலும் பில்ட் தோல்வி. இதை எழுத எனக்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. சாக்கண் போய்வந்த பிறகு எழுதினேன் என்பதுதான் வெட்கம்.

"ஏங்க இவ்வளவு கஷ்டம்?"

விஷயம் தெரிந்தவர்கள் கேட்பார்கள்: பில்ட்ரூட் இருக்கிறது, யோக்டோ இருக்கிறது, இதையெல்லாம் அவர்களே சரிசெய்து வைத்திருக்கிறார்களே, நீ ஏன் கையால் செய்து அவதிப்படுகிறாய்?

நியாயமான கேள்வி. புதிதாகத் தொடங்குகிறவர்கள் அதைத்தான் பயன்படுத்த வேண்டும். நாங்களும் இப்போது பில்ட்ரூட்டுக்கு மாறிவிட்டோம். பைத்தான்காரர்களும் சும்மா இல்லை. கிராஸ் கம்பைலுக்கு அதே பதிப்பு பைத்தான் ஒன்று நம் கம்ப்யூட்டரில் இருக்க வேண்டும், அதைக் காட்டு என்று 3.11இலிருந்து கான்ஃபிகரில் தெளிவாக ஒரு ஆப்ஷன் வைத்தார்கள். மாட்யூல்களைக் கட்டிக்கொண்டிருந்த பழைய செட்டப் ஸ்கிரிப்ட் 3.12இல் போய்விட்டது. டப்பாவில் டெவ் பிடிஎம்எக்ஸ் என்று ஒரு ஃபைல் இருக்கிறதா என்று கான்ஃபிகருக்குத் தெரியாது. தானாக ஊகிக்காமல், நீயே எழுதிக்கொடு என்று நின்றுவிடும். எரிச்சலாக இருந்தாலும் அது நேர்மை. தெரியாததைத் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை.

ஆனால் ரெடிமேட் வாங்கினாலும் ஒரு நாள் கை கொஞ்சம் இறுக்கும். நம் கம்பெனிக்கென்று ஒரு லைப்ரரி சேர்க்க வேண்டி வரும், அன்றைக்கு லிங்கர் திட்டுவார். அப்போது தையல் பிரித்துப் பார்க்கத் தெரிந்த ஒருத்தர் வீட்டில் இருக்க வேண்டும்.

"எல்லாத்தையும் ஸ்டாடிக்கா ஒரே உருண்டையா கட்டிட்டா?" என்பது இன்னொரு கேள்வி. சின்ன புரோகிராமுக்குச் சரி. பைத்தான் ஓடும்போது வெளியிலிருந்து மாட்யூல்களை ஏற்றுகிற ஜாதி. ஜிலிப்சியோடு முழு ஸ்டாடிக்காகக் கட்டிவிட்டு டிஎல்ஓப்பன் கேட்டால், ஓடும்போது இதே பதிப்பு ஜிலிப்சி வேண்டும் என்று லிங்கரே எச்சரிக்கிறார். அதையும் படிக்காமல் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம்.

இப்போது ஏஐ வந்துவிட்டது. எரரை அப்படியே ஒட்டினால் நொடியில் நாலு வழி சொல்கிறது. நானும் தினமும் கேட்கிறேன், பல தடவை சரியாகவும் சொல்கிறது. ஆனால் அந்த நாலு வழியில் எது தீர்க்கிற வழி, எது வாயை அடைக்கிற வழி என்று பிரித்துப் பார்ப்பது நம் வேலை. இரண்டும் ஒரே மாதிரி மரியாதையான குரலில்தான் வரும். எரர் போய்விட்டது என்பதை மட்டும் அளவுகோலாக வைத்தால் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது.

அதனால் இந்தத் தொழிலுக்குப் பிள்ளைகளை அனுப்பியிருக்கிற, அனுப்பப்போகிற வீடுகளுக்கு ஒரு வார்த்தை. எத்தனை மொழி தெரியும், எத்தனை சர்டிபிகேட் இருக்கிறது என்று கேட்கிறோம். ஒரு எரர் வந்தால் முழுக்கப் படிக்கிற பொறுமை இருக்கிறதா என்றும் கேளுங்கள். ஊரை விட்டு வந்த நமக்கு இங்கே சிபாரிசுக்கு மாமன் மச்சான் கிடையாது. கையில் இருக்கிற வேலைதான் சிபாரிசு. அது பச்சை விளக்கு எரிகிற மாதிரி இருந்தால் போதாது, அங்கே போய் ஓட வேண்டும்.

எங்களை மாதிரி சீனியர்களுக்கும் ஒரு வார்த்தை. பையன் ஓடிவந்து "எரர் போயிட்டு" என்றால் தட்டிக்கொடுப்பதற்கு முன்னால், எங்கே போச்சு என்று கேட்க இரண்டு நிமிஷம் ஒதுக்குங்கள். எனக்கு அந்த இரண்டு நிமிஷத்தின் விலை நாற்பது ஏணி ஏற்றம், கூடவே ஒரு அம்மாவுக்கு மகன் இல்லாத பொங்கல்.

தம்பிக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. அடுத்த வருஷம் பொங்கலுக்கு ஊருக்கும் போய்வந்தான். இப்போது அவனுக்குக் கீழே ஒரு புதுப் பையன் இருக்கிறான். போன வாரம் அந்தப் பையன் "எரர் இல்லண்ணா" என்று சொல்ல, இவன் நாற்காலியைத் திருப்பி, "எங்கல போச்சு?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. எள்ளுருண்டை சாப்பிட்ட மாதிரி இருந்தது.

இனிமையாகப் பேசுவதை மனுஷர்கள் பார்த்துக்கொள்ளட்டும். லிங்கர் திட்டட்டும்.

டிஸ்கி: கல்யாண வீட்டு மாமா யாரையும் குறிப்பதல்ல. தங்கமணியின் தாய்மாமா இதைப் படிப்பார் என்று தெரியும், அவரை நிச்சயமாகக் குறிப்பதல்ல :-)

உங்கள் வீட்டில் இப்படி வாயடைத்து அனுப்பின எரர் ஏதாவது திரும்பி வந்து கடித்த அனுபவம் உண்டா? பின்னூட்டத்தில் சொல்லுங்கள். அடுத்த பதிவில் வழக்கம் போல இட்லி.